கூமுட்டைக்குக் காரணம் தேடி: ஒரு பாம்பு மருத்துவமனையின் இனப்பெருக்கப் பரிசோதனைச் சேவை

ராயல் பைத்தான் வளர்ப்பவர்களுக்கென இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு தனியார் விலங்கு மருத்துவமனை நடத்திவரும் இனப்பெருக்கப் பரிசோதனைச் சேவையை 2023 மே முதல் 2025 ஜூன் வரை பயன்படுத்தினேன். பெண் பாம்புக்கு மூன்று ஸ்கேன், ஆண் பாம்புக்கு ஒரு விந்துப் பரிசோதனை, பொரிக்காத முட்டைகளுக்கு ஆய்வக அறிக்கை ஆகியவை அதில் அடங்கும். அங்கே எனக்கு நல்லதும் நடந்தது, தவறும் நடந்தது. ஆகவே மருத்துவமனையின் பெயரைச் சொல்லாமல், இதே சேவையை வேறு எங்கேனும் பெறப்போகிறவர் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது விளங்கும் அளவுக்கு எழுதுகிறேன்.

பிரிட்டனில் ராயல் பைத்தான் என்று வழங்கும் இந்தப் பாம்பை அமெரிக்காவில் பால் பைத்தான் என்பார்கள். கானா, டோகோ, பெனின் முதலான ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்தது. அச்சம் வந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தைப்போலச் சுருண்டுவிடும் சாதுவான இனம். நம் காடுகளில் இருக்கும், சட்டப்படி வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாத மலைப்பாம்பு வேறு, இது வேறு. ஒரு ஈட்டில் பெரும்பாலும் 4 முதல் 8 முட்டைகள் இடும். ஆப்பிரிக்க மலைப்பாம்பு இனங்களிலேயே சிறியது என்பதால் முட்டையின் எண்ணிக்கையும் குறைவு. அதனால் ஒரு ஈடு முழுவதும் வீணாவது வளர்ப்பவருக்கு ஓர் ஆண்டு உழைப்பு வீணாவதற்குச் சமம். அதைவிடப் பெரியது பாம்புக்கு ஏற்படும் இழப்பு.

என்னிடம் இருக்கும் பெண் பாம்பு 2023 மே மாதத்தில் ஏழு முட்டைகள் இட்டது. அதுவரை எல்லா அறிகுறிகளும் புத்தகத்தில் எழுதிவைத்தபடியே வந்தன. 2022 நவம்பர் முதல் பிப்ரவரி வரை அது ஆணுடன் மூன்று முறை இணைந்திருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிறகு இரையை மறுத்தது, பெட்டியின் குளிர்ந்த பக்கத்தையே நாடியது, நடு உடல் ஒரு நாள் முழுவதும் கையால் திரட்டிவைத்ததுபோல் புடைத்து அடங்கியது, சட்டை உரித்தது, அதன் பின் சூடான பக்கத்திற்கு நகர்ந்து, வயிறு மேலே தெரியப் புரண்டு படுத்தது. இத்தனையும் முறையாக நடந்த பிறகு, விடியற்காலையில் மூடியைத் திறந்து, சுருளை மெல்ல விலக்கிப் பார்த்தபோது, வெள்ளையாக, ஒன்றோடொன்று ஒட்டி, தோல்போல விறைத்து இருக்க வேண்டிய முட்டைகளுக்குப் பதிலாக ஏழு மஞ்சள் கட்டிகள் கிடந்தன. விரலால் தொட்டால் மெழுகுபோல் அழுந்தின. ஒன்றும் மற்றொன்றோடு ஒட்டியிருக்கவில்லை. நிறம் அச்சு வெல்லத்தின் நிறம். பாம்பு அவற்றைச் சுற்றி இறுகச் சுருண்டு, அடைகாக்கத் தொடங்கியிருந்தது. அதை அவற்றிலிருந்து பிரிக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரத்தை இன்னும் மறக்க முடியவில்லை. பருவத்தின் தொடக்கத்தில் 1,750 கிராம் இருந்த அதன் எடை அன்று 1,290 கிராம். கருவுற்ற முட்டைக்குச் செலவிடும் அதே மஞ்சள்கருவை, அதே கொழுப்பை, கருவுறாத முட்டைக்கும் அது செலவிட்டிருந்தது.

வளர்ப்பவர்கள் இத்தகைய முட்டைகளை ஸ்லக் என்கிறார்கள். கோழி வளர்க்கும் வீட்டில் பிறந்த எனக்கு வாயில் வந்த சொல் கூமுட்டைதான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன: கருவே கட்டாத முட்டையும் கூமுட்டை, கருக்கட்டிச் சில நாளில் இறந்துபோய் அழுகிய முட்டையும் கூமுட்டை. அடை எடுத்த பிறகு குப்பையில் போடும்போது இரண்டும் ஒன்றுதான். காரணம் தேடும்போதோ இரண்டும் இரு வேறு திசைகளைக் காட்டுகின்றன. கரு கட்டவில்லை என்றால் ஆண் பாம்பையும், இணைசேர்ந்த காலத்தையும், விந்தையும் பார்க்க வேண்டும். கட்டிய கரு இறந்தது என்றால் தாயின் வெப்பநிலை, மரபணு, முட்டைகளைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் அடைப்பெட்டி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொல்லக்கூடிய ஒருவரைத் தேடித்தான் அந்த மருத்துவமனைக்குப் போனேன்.

முதல் தொடர்பிலேயே அவர்கள் சறுக்கினார்கள். 2023 மே மாதம் முட்டை இட்ட அன்றே தொலைபேசியில் கேட்டபோது, வரவேற்பு மேசையில் இருந்தவர் இரண்டு முட்டைகளை உறைபெட்டியில் வைத்துப் பிறகு அனுப்பும்படி சொன்னார். அப்படியே செய்தேன். முட்டை ஒன்றுக்கு 62 பவுண்டு கட்டணம் செலுத்தி அனுப்பியபின் வந்த அறிக்கையில், உறைந்து உருகியதால் செல்கள் சிதைந்துவிட்டன, எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது என்று இரண்டே வரிகள் இருந்தன. முட்டையை உறைய வைக்கக் கூடாது, குளிர்பதனப் பெட்டியின் சாதாரண அறையில் வைத்து ஓரிரு நாளில் அனுப்ப வேண்டும் என்பது அந்த ஆய்வகத்திற்குத் தெரிந்திருக்கிறது; அதே நிறுவனத்தின் தொலைபேசியை எடுப்பவருக்குத் தெரியவில்லை. கட்டணத்தைத் திருப்பித் தரவில்லை. மருத்துவர் பின்னர் நேரில் வருத்தம் தெரிவித்தார், அடுத்த முறை அனுப்பும் முட்டைக்குக் கட்டணம் வேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்தார். அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். எனினும் போன முட்டைகள் போனவைதான். முதல் ஈட்டின் உண்மை எனக்கு முழுமையாகத் தெரியாமலே போயிற்று.

முட்டையின் உள்ளே கருவுறுதல் நடந்ததா என்று பார்க்கும் முறை பறவைகளிடமிருந்து வந்தது. ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் டிம் பர்க்ஹெட் குழுவினர், பொரிக்காத பறவை முட்டைகளில் உண்மையிலேயே கருவுறாதவற்றையும் தொடக்கத்திலேயே கரு இறந்தவற்றையும் பிரித்தறியும் வழிகளை 2008இல் வெளியிட்டார்கள். மஞ்சள்கருவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வைப் பிரித்தெடுத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் விந்தணுக்களும் செல்லின் உட்கருக்களும் தென்படுகின்றனவா என்று பார்ப்பதே அதன் சாரம். பாம்பு முட்டையில் இந்த வேலை கடினம் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். சவ்வைச் சேதமில்லாமல் எடுக்க முட்டை புதிதாக இருக்க வேண்டும். ‘முடியும்’ என்று மட்டும் சொல்லிப் பணம் வாங்காமல், எப்போது முடியாது என்பதையும் சொன்ன அந்த நேர்மைக்காகவே மீண்டும் அங்கே போனேன்.

பாம்புக்கு ஓராண்டு முழு ஓய்வு கொடுத்து, எடை 1,800 கிராமை எட்டிய பிறகு, 2024 நவம்பரில் முதல் ஸ்கேனுக்குக் கொண்டுபோனேன். அதற்கு முன் மின்னஞ்சலில் ஒரு கேள்வித்தாள் வந்தது. இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி அந்தக் கேள்வித்தாள் என்பேன். ஆண் பாம்பின் வயதும் எடையும், ஒரே பருவத்தில் எத்தனை பெண்களுடன் சேர்க்கப்பட்டது, ஒவ்வொரு இணைசேர்தலுக்கும் இடையே எத்தனை நாள் ஓய்வு, கடைசியாக எப்போது சட்டை உரித்தது, பெட்டியின் சூடான முனையிலும் குளிர்ந்த முனையிலும் பகலிலும் இரவிலும் எத்தனை டிகிரி, அந்த அளவை எந்தக் கருவியால் எடுத்தீர்கள் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். நிறவகையையும் கேட்டிருந்தார்கள். டெசர்ட் என்னும் நிறவகைப் பெண்கள் கருவுறாத முட்டைகளை இடுவதும், முட்டை வெளிவராமல் தடைபட்டுத் துன்பப்படுவதும் வளர்ப்பவர்களிடையே நன்கு அறியப்பட்டவை. கேரமல் அல்பினோ பெண்களின் கருவளம் குறைவு என்பதும் அப்படியே. அழகுக்காக அந்த நிறங்களை வாங்கிவிட்டு, கூமுட்டைக்குக் காரணம் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் பாம்பை வருத்துவோர் இருக்கிறார்கள். என்னுடையது பாஸ்டல் வகை. அந்தப் பழி அதற்கு இல்லை.

மருத்துவமனைக்குள் நடந்தது வருமாறு. துணிப்பையில் இட்டு, தெர்மோகோல் பெட்டியில் வெந்நீர்ப் பையோடு கொண்டுபோன பாம்பை, நாய்கள் குரைக்கும் பொதுக் காத்திருப்பறையில் ஐம்பது நிமிடம் வைத்திருக்க நேர்ந்தது. ஊர்வனவற்றுக்கென வெப்பமூட்டிய தனியறை இருப்பதாக அவர்களின் விளம்பரம் சொல்கிறது. அன்று அது பூட்டிக் கிடந்தது. உள்ளே போன பிறகு குறை சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவர் ஜெல்லை முதலில் தம் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினார். செவிலியர் பாம்பின் தலைப்பகுதியைத் தம் முன்கையில் தளர்வாகப் படரவிட்டார், இறுக்கிப் பிடிக்கவில்லை. உடலின் நடுப்பகுதியைத் தாண்டி, வயிற்றுச் செதில்களின் ஓரமாக ஸ்கேன் முனையை மெல்ல நகர்த்தியபோது, திரையில் மணிமாலை கோத்ததுபோல் சிறு கரிய வட்டங்கள் வரிசையாகத் தோன்றின. பாம்புகளில் வலப்பக்கச் சினைப்பை தலையை நோக்கியும் இடப்பக்கச் சினைப்பை அதற்குச் சற்றுப் பின்னும் அமைந்திருப்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பெரிய வட்டம் 9 மி.மீ. இன்னும் மஞ்சள்கரு சேரத் தொடங்கவில்லை என்றார். பெண்களுக்குக் கருத்தரிப்புச் சிகிச்சையில் செய்யும் ஃபாலிக்குலர் ஸ்டடியை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. முட்டை வளரும் வேகத்தை அளந்து, சேர்க்கைக்கு உரிய காலத்தைக் குறிப்பதே இரண்டின் நோக்கமும்.

இந்த ஸ்கேனிடம் எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். முட்டை வளர்கிறதா, வளர்ந்து தேய்ந்து உடலுக்குள்ளேயே உறிஞ்சப்படுகிறதா, வெளிப்படும் நிலையை நெருங்கிவிட்டதா என்பதையெல்லாம் அது காட்டும். சினைப்பையை விட்டு வெளிப்பட்டதும் அந்த முட்டை கருவுற்றதா இல்லையா என்பதைக் காட்டாது. முதல் ஆண்டில் நான் ஸ்கேன் எடுத்திருந்தாலும் அழகான ஏழு வட்டங்களைப் பார்த்து மகிழ்ந்திருப்பேன். மே மாதத்தில் அதே ஏழு மஞ்சள் கட்டிகளைத்தான் எடுத்திருப்பேன். மூன்று ஸ்கேனுக்கு 140 பவுண்டு வாங்குகிற இடத்தில், இந்த வரம்பைக் கட்டண விவரத்திற்குப் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். அவர்கள் எழுதிவைக்கவில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள்.

என் கேள்விக்கு விடை தந்தது, பட்டியலில் கடைசியாக, 38 பவுண்டுக்கு இருந்த விந்துப் பரிசோதனை. டிசம்பர் தொடக்கத்தில், இணைசேர்ந்து பிரிந்த சில மணி நேரத்திற்குள் ஆண் பாம்பைக் கொண்டுபோனேன். கழிவுத்துளையை வெதுவெதுப்பான உப்புக் கரைசலால் மென்மையாகக் கழுவி, அந்தத் துளியைக் கண்ணாடிச் சில்லில் இட்டு, மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நல்ல மாதிரி ஒன்றின் காணொளியை முதலில் காட்டினார்: கொதிக்கும் கஞ்சியைப்போல் திரை முழுவதும் அசைந்தது. என் பாம்பின் மாதிரியில் புலம் முழுவதும் தேடியும் மூன்றோ நான்கோ இழைகள், அவையும் அசைவற்றுக் கிடந்தன. மூன்று முறை இணைந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, இணைசேர்வது வேறு, கருவுறச் செய்வது வேறு என்பது அந்தக் கண்ணாடிச் சில்லில் தெரிந்தது.

ஒரே ஒரு மாதிரியை வைத்து ஆணை மலடு என்று முடிவுகட்டக் கூடாது என்று மருத்துவர் உடனே எச்சரித்தார். கேள்வித்தாளை எடுத்து, நான் எழுதியிருந்த வெப்பநிலையில் விரலை வைத்தார். ஆண் பாம்பின் சூடான முனை 32 டிகிரி செல்சியஸ் என்று எழுதியிருந்தேன். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் முகப்பில் தெரிந்த எண் அது. வீட்டுக்குப் போய் வேறொரு வெப்பமானியால் தரையை நேரடியாக அளந்து பார்க்கச் சொன்னார். அளந்தேன், 37 காட்டியது. தெர்மோஸ்டாட்டின் உணர்முனை ஒட்டு விட்டு, சூட்டுப் பாயை விட்டு விலகிக் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டி சிறியது என்பதால் குளிர்ந்த முனையும் 31க்குக் குறையவில்லை. எத்தனை மாதமாக அப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, முதல் பருவத்தில் அதே ஆணை ஒரு நண்பரின் மூன்று பெண் பாம்புகளுக்கும் கொடுத்து அனுப்பியிருந்தேன். நடுவில் அது இரை எடுப்பதை நிறுத்தியதையும் பருவகால வழக்கம் என்று எண்ணி விட்டுவிட்டேன். வெப்பமா, ஓய்வின்மையா, இரண்டுமா என்பதை மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை. இரண்டையும் சரிசெய்துவிட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி கொண்டுவரச் சொன்னார். அந்தப் பருவத்திற்கு வேறு ஆணைப் பயன்படுத்தும்படியும் அறிவுறுத்தினார். நான் தேவையில்லாமல் வாங்கவிருந்த விலை உயர்ந்த அடைப்பெட்டியின் பணம் அன்று மிச்சமாயிற்று.

சென்ற ஈடு முற்றிலும் வீணானவர்களில் பலர் முதலில் மாற்றுவது அடைப்பெட்டியைத்தான். மஞ்சளாக, மெழுகுபோல, ஓடு கட்டாமல் வெளிவரும் முட்டையின் விதி, அது உடலுக்குள் இருக்கும்போதே முடிந்துவிட்டது. எந்தப் பெட்டியும் அதைப் பொரிக்கச் செய்யாது.

வேறு சிலர் எதிர்த்திசையில் போவார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிச் சாலையில் 2020 ஜூலையில், அறுபது வயதைக் கடந்த ஒரு ராயல் பைத்தான், பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஆணின் அருகே செல்லாத நிலையில் ஏழு முட்டைகள் இட்டதைச் சுட்டி, ஆணே தேவையில்லை என்பார்கள். மலைப்பாம்புகளில் ஆணின்றிக் கரு உண்டாவதும், பெண்கள் விந்தணுவை உடலில் சேமித்து வைப்பதும் உண்மைதான். ஆனால் அத்தகைய அரிய நிகழ்வை நம்பி ஒரு பெண் பாம்பின் உடலில் கால்பங்கு எடையைப் பணயம் வைக்க எனக்கு மனமில்லை.

மருத்துவரின் ஒப்புதலோடு, ஏற்கெனவே குட்டிகள் பெற்ற ஓர் ஆணை நண்பரிடமிருந்து கொண்டுவந்தேன். அதன் மாதிரியையும் பரிசோதித்த பிறகே சேர்த்தேன். 2025 ஜனவரியில் இரண்டாவது ஸ்கேன். அன்று வேறொரு இளம் மருத்துவர் பார்த்தார். அளவு 22 மி.மீ. என்று எழுதிக் கொடுத்தார்; படம் எதுவும் தரவில்லை. எந்தப் பக்கச் சினைப்பை, எத்தனை முட்டைகளை அளந்தார், பெரியதன் அளவா சராசரியா என்று கேட்டதற்குத் தெளிவான பதில் இல்லை. நவம்பரின் 9 மி.மீட்டரோடு அந்த எண்ணை ஒப்பிட எனக்கு வழியில்லாமல் போயிற்று. பிப்ரவரி இறுதியில் நடந்த மூன்றாவது ஸ்கேனுக்கு முதல் மருத்துவரே வேண்டும் என்று கேட்டுப் பதிவுசெய்தேன். 36 மி.மீ., வட்டங்கள் வெண்மையாகக் கலங்கி நெருங்கி நின்றன, படங்களும் கைக்கு வந்தன. முட்டைகள் இன்னும் இரண்டு வாரத்திற்குள் சினைப்பையை விட்டு வெளிப்பட்டுவிடும், கடைசியாக ஒருமுறை ஆணைச் சேர்த்துவிடுங்கள் என்றார். மார்ச் 9ஆம் தேதி, அப்படி வெளிப்படுவதன் அறிகுறியாக, நடு உடல் புடைத்தது. 27ஆம் தேதி சட்டை உரித்தது. ஏப்ரல் 25ஆம் தேதி முட்டை இட்டது. அவர் சொன்ன கணக்கு ஒரு நாளும் பிசகவில்லை. இந்தச் சேவையில் யார் ஸ்கேன் முனையைப் பிடிக்கிறார் என்பதுதான் பாதி மதிப்பு. பதிவு செய்யும்போதே பெயர் சொல்லிக் கேளுங்கள், படத்தையும் அளவையும் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இந்த முறை ஆறு வெள்ளை முட்டைகள் ஒரே கொத்தாக ஒட்டி இருந்தன. ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரே ஒரு மஞ்சள் கட்டி. கொத்தைத் திருப்பாமல், மேற்பக்கத்தில் பென்சிலால் குறியிட்டு, ஈரம் தேக்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட்டை நனைத்து அதன் மேல் 31.5 டிகிரியில் வைத்தேன். ஐந்தாம் நாள் இருட்டில் சிறு விளக்கை ஓட்டோடு ஒட்டிப் பிடித்தபோது, ஐந்து முட்டைகளில் ஒளி இளஞ்சிவப்பாகப் பரவி, அதன் நடுவே வேர்போல் இரத்தக் குழாய்கள் கிளைவிட்டிருந்தன. ஆறாவதில் மஞ்சள் ஒளி மட்டும். வெளித்தோற்றத்தில் அதுவும் மற்றவற்றைப் போலவே விறைப்பாக இருந்ததால் எடுக்கவில்லை. பதினெட்டாம் நாள், மே 13 அன்று, அது குழிந்து பூசணம் பிடித்தது. கொத்திலிருந்து மெல்லப் பிரித்து, ஈரத் துணியில் சுற்றி, குளிர்பதனப் பெட்டியின் சாதாரண அறையில் ஓர் இரவு வைத்து, மறுநாளே ஆய்வகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வரவேற்பு மேசையில் இப்போது, முட்டையை உறைய வைக்காதீர்கள் என்ற அச்சிட்ட அட்டை ஒன்று நிற்கிறது.

ஜூன் 21ஆம் தேதி, ஐம்பத்தேழாம் நாள், முதல் குட்டி ஓட்டைக் கீறி மூக்கை நீட்டியது. ஆய்வக அறிக்கை அதே வாரத்தில் வந்தது. ஆய்வகத்திற்குக் கொடுத்திருந்த மஞ்சள் கட்டியில் கருவுறுதலுக்கான தடயம் இல்லை. பூசணம் பிடித்த ஆறாவது முட்டையில் சில மில்லிமீட்டர் அளவுக்குக் கருத்திசு இருந்தது. கரு கட்டியிருக்கிறது, முதல் சில நாட்களிலேயே இறந்திருக்கிறது. என் ஆண் பாம்பின் இரண்டாவது விந்துப் பரிசோதனைக்கு நவம்பர் முதல் வாரத்தில் நாள் வாங்கியிருக்கிறேன். அதன் பெட்டியின் தரை இப்போது தனி வெப்பமானியில் 31 காட்டுகிறது.